நரம்பின் மேலாடை

“நரம்புத் தளர்ச்சி” என்னும் சொல் நம் வீடுகளிலே எத்துணைத் தாராளமாகப் புழங்குகின்றது! பரீட்சைக்கு முதல்நாள் கை நடுங்கும் மாணவனுக்கும் அதுதான்; இரவில் உறக்கம் வராத முதியவருக்கும் அதுதான்; புகுந்த வீட்டிலே வாய்திறந்து பேசாத மருமகளுக்கும் சில வேளைகளில் அதுவேதான். அச்சொல்லைச் சொல்லி முடித்ததும் வீட்டாருக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகின்றது. அதற்குமேல் எவரும் எதனையும் விசாரிப்பதில்லை. ஓர் எண்ணெயையோ இலேகியத்தையோ வாங்கிக் கொடுத்து, “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று புத்திமதியும் கூறிவிட்டுத் தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றனர்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட நோய்க்கும் எங்கள் உறவினர் முதலில் இட்ட பெயர் அதுவே. அதன் உண்மைப் பெயர் மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ். முதற்சொல் ‘பல’ என்றும், அடுத்த சொல் ‘இறுகிப்போதல்’ என்றும் பொருள்படும். மூளையிலும் முண்ணாணிலும் பல இடங்களில் இறுகிய வடுக்கள் விழுகின்ற நோய் என்று விரித்துக்கொள்ளலாம். தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஆக்கியிருக்கின்றனர். அவற்றுள் எதுவும் மக்கள் வாயில் நிலைபெற்றதாகத் தெரியவில்லை. ஆகையால் இங்கே நான் ‘வடுநோய்’ என்றே எளிமையாகக் குறிப்பிடப் போகின்றேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

என் தமையனாரின் மகள், அதாவது எனக்குப் பெறாமகள், கனடாவிலே ரொறொன்ரோ நகரிற் பிறந்து வளர்ந்தவள். 2020 ஆம் ஆண்டிலே, அவளுக்கு 24 வயது நடந்தபோது, ஒருநாட் காலை வலக்கண்ணின் பார்வை மங்கிற்று. ஆவி படிந்த கண்ணாடிக்கூடாகப் பார்ப்பது போல இருந்தது என்று பின்னர் எனக்குச் சொன்னாள். கண்ணை அசைத்தால் நோவு. சிவப்புச் சட்டை வெளுத்துப்போன செங்கல்லின் நிறமாகத் தோன்றிற்று. ஆறு வாரத்திலே அது தானாகவே நீங்கிவிட்டது. கணினிக்கு முன்னால் நெடுநேரம் இருந்ததன் பலன் இது என்று வீட்டார் தீர்மானித்துக்கொண்டனர். ஒன்றரை ஆண்டு கழிந்தபின் இரண்டு பாதங்களும் விறைத்தன. விறைப்பு நாளுக்கு நாள் மேலேறி இடுப்புவரை வந்தது. முதலிற் பார்த்த வைத்தியர், வேலைப்பளுவினால் உண்டான மனக்களைப்பு என்றார். கண்ணையும் காலையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிப்பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. நரம்பியல் நிபுணர் ஒருவரிடம் போன பின்னர்தான், எம். ஆர். ஐ. படம் எடுத்து, முதுகந்தண்டிலிருந்து நீரெடுத்துச் சோதித்து, நோயின் பெயர் சொல்லப்பட்டது. அன்றிரவு தமையனார் தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, “இது எங்கடை ஆக்களுக்கு வாற வருத்தமே?” என்பதுதான். அக்கேள்விக்குப் பின்னர் வருவேன்.

உயர்தர வகுப்பிற்கு உயிரியல் கற்பிப்பவன் ஆகையால், ஆண்டுதோறும் நரம்புக்கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைகின்றேன். உருண்டைத் தலை, அதிலிருந்து நீளும் வால் போன்ற இழை, அவ்விழையைச் சுற்றிப் போர்த்திருக்கும் மயலின் கவசம், கவசத்தின் இடையிடையே இரன்வியரின் கணுக்கள். மாணவர்கள் அப்படத்தை வரைந்து பெயர் குறித்துப் பழகுகின்றனர். பரீட்சையிற் புள்ளியும் பெறுகின்றனர். அந்தக் கவசம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்று கேட்பவர் மிகச் சிலர். பெறாமகளின் நோய்க்குப் பின்னர் அந்தக் கேள்வியை நானே கேட்டு, ஒரு பாடவேளை முழுவதையும் அதற்கென ஒதுக்கி வருகின்றேன். பாடத்திட்டம் அதற்கு அவ்வளவு நேரம் தரவில்லை என்பதும் உண்மைதான்.

மயலின் பெரும்பாலும் கொழுப்பாலானது. மூளையிலும் முண்ணாணிலும் அதனை ஆக்குவதற்கென்றே ஒருவகைக் கலங்கள் உள்ளன. ஒலிகோடென்ரோசைற்று என்பது அவற்றின் பெயர். நாவிற்குச் சற்றுக் கடினமானதே. அத்தகைய கலம் ஒன்று தன் கைகளை நீட்டிப் பல இழைகளைப் பற்றி, ஒவ்வொன்றையும் தன் மென்சவ்வினால், பாயைச் சுருட்டுவதுபோலப் பல முறை சுற்றிவிடுகின்றது. 40, 50 இழைகளைக்கூட ஒரே கலம் பராமரிக்க வல்லது. கவசம் போர்த்த பருத்த இழையிலே செய்தி ஒரு செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேலாகவும் பாயும். கவசமில்லாத மெல்லிய இழையிலோ செக்கனுக்கு ஏறக்குறைய 1 மீற்றர்தான்.

இவ்வேறுபாட்டினை விளக்க நான் புகையிரதத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. எல்லாத் தரிப்பிடங்களிலும் நின்று நின்று போகும் வண்டியும் யாழ்தேவியும் ஒரே தண்டவாளத்திலேதான் ஓடுகின்றன. கவசமில்லாத இழையில் மின்குறிப்பானது ஒவ்வோர் இடத்திலும் புதிது புதிதாகத் தோன்றித் தோன்றியே முன்னேற வேண்டும். கவசமுள்ள இழையிலோ அது ஒரு கணுவில் தோன்றி, இடையிலுள்ள தூரத்தைத் தாவி, அடுத்த கணுவில் நிற்கும். யாழ்தேவி சிறிய தரிப்பிடங்களைக் கண்டும் காணாதது போலக் கடந்து போவதில்லையா, அப்படி.

வடுநோயிலே இந்தக் கவசத்தை அரிப்பது வெளியிலிருந்து வந்து தங்கிய கிருமியன்று. நம்மைக் காப்பதற்கென்று உடலிலே உள்ள நிர்ப்பீடனப் படையே வழிதவறி, மூளையைச் சுற்றியுள்ள காவலையும் கடந்து உட்புகுந்து, மயலினைப் பகைப்பொருள் என்று கருதித் தாக்குகின்றது. தாக்கப்பட்ட இடம் வீங்குகின்றது. கவசம் கழன்று இழை வெறுமையாகின்றது. வெறுமையான இழையிலே செய்தி தாமதப்படும், அல்லது நின்றேவிடும். சில வேளைகளில் அனுப்பப்படாத செய்தியும் அங்கே தானாக எழும். கழுத்தைக் குனிந்தவுடன் முதுகுவழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி நோயாளிகளிற் பலருக்கு உண்டாவது இதனாலேயாம். வீக்கம் வடிந்தபின் உடல் கவசத்தை ஓரளவு மீளவும் நெய்துகொள்கின்றது. புதிய கவசம் பழையதைவிட மெல்லியது. எனினும் செய்தி மறுபடியும் ஓடத் தொடங்கும். என் பெறாமகளின் கண் ஆறு வாரத்திலே தெளிந்தது இப்படித்தான். நோய் போய்விட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தனர். போனது வீக்கம் மட்டுமே. கவசத்தோடு இழையும் அறுந்துவிட்டால், அறுந்த அந்த இழை மூளையிலும் முண்ணாணிலும் மீண்டும் வளர்ந்து பொருந்துவதில்லை. அவ்வாறு அறுந்தவை ஆண்டுக்காண்டு சேர்ந்து நிரந்தரக் குறையாக வெளிப்படும்.

வடு விழுந்த இடத்தைப் பொறுத்தே குறையும் அமையும். பார்வை நரம்பில் விழுந்தால் கண் மங்கும். மூளியில் விழுந்தால் நடை தள்ளாடும். தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன கை, கோப்பையை அணுக அணுகக் கூடுதலாக நடுங்கும். முண்ணாணில் விழுந்தால் கால் விறைக்கும், சலம் அடக்க முடியாமற் போகும். ஞாபகமும் சிந்தனையின் வேகமும் குறைவதுண்டு. ஆகவே ஒரே நோயுள்ள இருவர் அருகருகே இருந்தாலும் ஒருவர் குறை மற்றவருக்கு விளங்காதிருத்தல் கூடும். பெரும்பாலானோருக்கு, அதாவது நூற்றுக்கு 85 பேர் வரையில், நோய் முதலில் வந்து வந்து போவதாகவே இருக்கும். எஞ்சியோருக்கு அது தொடக்கமுதலே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போகும்.

இந்நோயின் போக்கை இன்று நமக்குக் கிடைக்கும் வகையில் முதன்முதற் தெளிவாக எழுதிவைத்தவர் வைத்தியர் அல்லர், நோயாளியே. இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரர் ஓகஸ்ரஸ் டெஸ்ரே என்பவர் அவர். 1794 இற் பிறந்தவர். அரச குடும்பத் திருமணச் சட்டத்தை மீறித் தந்தை மணம் புரிந்தமையால் அத்திருமணம் செல்லாது என்று தீர்க்கப்பட்டு, இளவரசுப் பட்டம் இல்லாமலே வாழ்ந்தவர். 1822 டிசெம்பரில், தாம் தந்தையைப் போல நேசித்த உறவினர் ஒருவரைக் காண ஸ்கொத்லாந்துக்குப் போனார். போய்ச்சேர்ந்தபோது அந்த உறவினர் இறந்துவிட்டார். மரணச் சடங்கிலே கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றார். சிறிது காலத்தில் அவருடைய கண்கள் மங்கின. கடிதங்களைப் பிறர் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று. பின்னர் எவ்வித மருந்துமின்றிப் பார்வை திரும்பிற்று. அடக்கிய கண்ணீரே கண்ணைக் கெடுத்தது என்று எண்ணுவதற்கு எவ்வளவு இடமுண்டு பாருங்கள்! நம்மூர் ஆச்சிமாரும் அப்படியேதான் சொல்லியிருப்பர்.

1826 இலே கண் மறுபடியும் மங்கிற்று. 1827 இலே இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்தபோது ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. வைத்தியர் பித்தம் என்று கூறி, நெற்றிப்பொட்டில் அட்டைகளை விட்டு இரத்தம் எடுப்பித்தார். அந்த இரட்டைப் பார்வை நீங்கியபின் கால்கள் வலியிழந்தன. அடுத்து வந்த வைத்தியர் பலவீனம் என்று கூறி, நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சியும் திராட்சை மதுவும் கொடுத்தார். முன்னவர் இரத்தத்தைக் குறைத்தார்; பின்னவர் இரத்தத்தை ஏற்றினார். டெஸ்ரே இரண்டையும் அமைதியாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குறிப்பு நீள்கின்றது: நீராட்டு, மின்சார வைத்தியம், உடம்பைத் தேய்த்தல், ஊன்றுகோல், இறுதியிலே சக்கர நாற்காலி. 1848 இல் அவர் இறந்தார். தம் நோயின் பெயரை அவர் அறியவில்லை. அப்போது அதற்குப் பெயரே இல்லை. சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1948 இலே, அந்த நாட்குறிப்பைப் பற்றிய நூல் வெளிவந்தது.

அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, பிரித்தானியராகிய கார்ஸ்வெல் என்பவரும் பிரான்சு நாட்டவராகிய குருவேயிலியே என்பவரும், இறந்தோரின் முண்ணாணிற் கண்ட வடுக்களை வர்ணப் படங்களாக வரைந்து வெளியிட்டிருந்தனர். ஆனால் உயிருள்ளவர் அனுபவித்த தொல்லையையும் இறந்தவர் உடலிற் கண்ட வடுவையும் இணைத்து, இது தனியொரு நோய் என்று 1868 இல் நிலைநாட்டியவர், பாரிஸ் நகரின் சல்பெற்றியேர் ஆஸ்பத்திரியிற் பணிபுரிந்த ஷார்கோ ஆவார். அந்த ஆஸ்பத்திரியிலே வயோதிபரும் தீராநோயாளருமான பல்லாயிரம் பெண்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்தனர். ஆகையால் ஒருவரின் நோயை நெடுங்காலம் கவனித்திருந்து, அவர் இறந்தபின் உடலையும் ஆராய அவரால் முடிந்தது. அப்பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

இனி, இந்நோயின் ஒரு குணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கின்றது. பெறாமகள் 2023 இல் நல்லூர்த் திருவிழாவிற்கு வந்திருந்தாள். அப்போது அவள் வைத்தியம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. தேரன்று விடியற்காலையில் எங்களோடு நடந்தே வந்தாள். ஒரு மைலுக்குக் குறையாத தூரம். வெறுங்காலோடு மணலிலே நின்று தேரையும் தரிசித்தாள். வெயில் ஏறிற்று. ஒன்பது மணிக்குப்பின் வீதியிலுள்ள பெயர்ப்பலகையை வாசிக்க முடியவில்லை என்றாள். வீடு திரும்பும்போது இடக்கால் இழுபட்டது. ஈரத்துணியைக் கழுத்திலே போட்டு, இருட்டறையில் ஒரு மணித்தியாலம் படுத்திருந்தபின் எழுந்து வந்து இயல்பாகச் சிரித்துப் பேசினாள். இவையனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியமாமி என்னைத் தனியே அழைத்து, “தம்பி, காலமை எங்களுக்கு முன்னாலை நடந்து போனவள். பிறகு கால் இழுக்குது எண்டாள். இப்ப பார், ஒண்டுமில்லை. இதென்ன வருத்தம்? ஒண்டில் கண்ணூறு, இல்லாட்டில் பஞ்சி” என்றார்.

பெரியமாமி கண்டது அத்தனையும் உண்மை. நடந்ததும் உண்மை, இழுபட்டதும் உண்மை, தெளிந்ததும் உண்மை. 1890 இலே ஜேர்மனிய கண் வைத்தியராகிய ஊற்றொவ் என்பவரும் இதனையே கண்டு எழுதினார்: உடற்பயிற்சி செய்தவுடன் நோயாளியின் பார்வை மங்குகின்றது, இளைப்பாறினால் திரும்புகின்றது. காரணம் பின்னர் விளங்கிற்று. கவசம் மெலிந்த இழையிலே மின்குறிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்ததை எட்டிப் பிடிப்பதே அரும்பாடு. வெப்பம் ஏறும்போது அக்குறிப்பு தோன்றி மறையும் நேரம் இன்னும் குறுகுகின்றது. ஆகவே அடுத்த கணுவை எட்டுமுன் அணைந்துவிடுகின்றது. உடல்வெப்பம் அரைப் பாகை ஏறினாலே சிலருக்கு இது நேர்ந்துவிடும். வெப்பம் தணிந்தால் குறிப்பு மீண்டும் ஓடும். புதிதாக எந்தக் கேடும் விளைந்திருக்காது. எம். ஆர். ஐ. வருவதற்கு முந்திய காலத்தில் வைத்தியர்கள், இந்நோய் உண்டென ஐயுற்றவரைச் சுடுநீர்த் தொட்டியில் இருத்தி, குறைகள் வெளிப்படுகின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. நல்லூர் வீதியின் வெயில் அன்று செய்ததும் அதே சோதனைதான்.

இதையெல்லாம் பெரியமாமிக்கு எப்படி விளக்குவது? நானும் முயன்றேன். வீட்டிலே பழைய மின்வயர் ஒன்று உறை தேய்ந்து கிடக்கின்றது. காற்றடிக்கும்போது விளக்கு அணைகின்றது, காற்று நின்றால் எரிகின்றது. விளக்குக்குப் பஞ்சியா, என்று கேட்டேன். அவர் சற்றுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப வயரை மாத்தேலாதோ?” என்றார். அது நல்ல கேள்வி. உலகத்து ஆராய்ச்சியாளர் பலரும் அந்தக் கேள்வியோடுதான் இருக்கின்றனர்.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நோயாளர் கூறும் முறைப்பாடுகளிலே மிகவும் பொதுவானது களைப்பே. மிகவும் குறைவாக நம்பப்படுவதும் அதுவே. நாம் எல்லாரும் களைக்கின்றோம் அல்லவா? ஆனால் இது வேலை செய்து களைத்துப்போகும் களைப்பன்று. 1990 ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதச் சேவை நின்று, 2014 இலே யாழ்ப்பாணம் வரை மீண்டதை நம்மவர் அறிவர். இடைப்பட்ட 24 ஆண்டுகளும் மக்கள் பயணஞ் செய்யாமல் இருக்கவில்லை. காட்டாலும் கடலாலும் சுற்றிச் சுற்றிப் போய்வந்தனர். ஆனால் ஒருநாட் பயணத்துக்கு எத்தனை நாள், எத்தனை அலைச்சல்! நேர்வழி சிதைந்த மூளையும் தன் செய்திகளைச் சுற்றுவழிகளால் அனுப்புகின்றது. ஒரு கோப்பையை எடுப்பதற்கு மூளையின் கூடுதலான பகுதிகள் உழைக்க வேண்டியிருக்கின்றன. களைப்பிற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கோப்பை எடுக்கப்பட்டதைத்தான் நாம் காண்கின்றோம்.

நம்பப்படாமை படித்த நாடுகளிலே இல்லையென்று எண்ணவேண்டா. ஜக்குலீன் டு பிரே என்னும் ஆங்கிலப் பெண்மணி செலோ வாத்தியத்திலே ஒப்பற்ற கலைஞராக விளங்கியவர். 1971 அளவில் அவருடைய விரல்களில் உணர்ச்சி குன்றத் தொடங்கிற்று. மனநெருக்கடி என்றே அது நெடுநாள் கருதப்பட்டது. 1973 இலே நியூயோர்க் நகரில் மேடையேறியபோது வில்லின் பாரமே கைக்குத் தெரியவில்லை. தந்தியில் விரல் எங்கே படுகின்றது என்பதைக் கண்ணாற் பார்த்துப் பார்த்தே வாசித்தார். சபையோருக்கு இதில் எவ்வளவு விளங்கியிருக்கும்? அவ்வாண்டிலேயே நோயின் பெயர் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 28. 1987 இல், 42 வயதில் காலமானார்.

நோயை நம்பாதிருத்தல் ஒருபுறம். நம்பியபின் மறைத்தல் மறுபுறம். அண்ணியார் முதலிரண்டு ஆண்டுகளும் இந்தச் செய்தியை எங்கள் குடும்பத்தாருள் நால்வரைத் தவிர வேறெவரும் அறியாமற் காத்தார். மகளின் கலியாணம் என்ற ஒன்றே அவர் மனத்தில் இருந்தது. தாயின் மனத்தை நான் குறைகூறத் துணியேன். ஆயினும் பார்பெலியன் என்ற புனைபெயர் பூண்ட புரூஸ் கமிங்ஸ் என்பவரின் வரலாற்றைப் படித்தபோது, மறைப்பினால் ஒரு வீட்டில் என்னென்ன நேரும் என்று சிந்தித்தேன். அவர் இலண்டனிலே இயற்கைப் பொருட்காட்சிச்சாலையில் பணிபுரிந்த இளைஞர். 1915 நவெம்பரில், யுத்தகாலப் படைச் சேர்ப்புக்கான பரிசோதனைக்குப் போனார். அவருடைய வைத்தியர் மூடி முத்திரையிட்ட கடிதமொன்றைக் கொடுத்தனுப்பினார். பரிசோதித்தவர் கடிதத்தைப் பார்க்காமலே அவரைத் தகுதியற்றவர் என்று திருப்பிவிட்டார். வீடு திரும்பும் புகையிரதத்தில் அவர் அதனை உடைத்துப் படித்தார். தமக்கு இந்நோய் ஓராண்டுக்கு மேலாக இருக்கின்றதென்பதை அப்படித்தான் அறிந்தார். மனைவி அறிந்தால் வருந்துவாளே என்று அவர் மறைத்தார். மனைவியோ மணத்திற்கு முன்னமே எல்லாவற்றையும் அறிந்து, அறிந்தே மணந்து, அவர் அறிந்தால் வருந்துவாரே என்று மறைத்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருவரும் ஒரே இரகசியத்தை ஒருவருக்கொருவர் மறைத்து வாழ்ந்தனர். உண்மை வெளிப்பட்டபின் அவர்களிடையே அன்பு பெருகியதென்றே அவருடைய நாட்குறிப்பிலிருந்து அறிகின்றோம். 1919 இலே அந்நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில், 30 வயதில், அவர் இறந்தார்.

தமையனாரின் கேள்விக்கு வருவோம். எங்கடை ஆக்களுக்கு வாற வருத்தமே? பூமத்திய ரேகையை அண்டிய நாடுகளில் இது அரிது. வடக்கே போகப் போக மிகுதி. கனடா மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் ஒன்று. உலகெங்கும் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இது உண்டென்று கணக்கிட்டிருக்கின்றனர். அவர்களுள் ஆண் ஒருவருக்குப் பெண் இருவர் என்ற அளவிலே பெண்களே அதிகம். இது பரம்பரையை மட்டும் பொறுத்ததென்றால் ஊர் மாறினாலும் நோய் மாறக்கூடாது. ஆனால் 1990 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இங்கிலாந்துக்குப் போனவர்களுடைய, அங்கேயே பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தது. பெற்றாரிடையே அரிதாயிருந்த நோய், பிள்ளைகளிடையே அந்நாட்டவர்க்கு ஏறக்குறைய ஒத்த அளவில் இருந்தது. யாழ்ப்பாணத்திலே பிறந்த தமையனாருக்கு இல்லாத ஆபத்து, ரொறொன்ரோவிலே பிறந்த மகளுக்கு இருந்தது என்றுதான் இதிலிருந்து எண்ணத் தோன்றுகின்றது. வெயில் குறைந்த நாடுகளிலே விற்றமின் டி குறைவது ஒரு காரணமாகலாம். எப்ஸ்ரீன்–பார் என்னும் வைரசும் பெரும் பங்கு வகிக்கின்றது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் குருதிப் பதிவுகளைக் கொண்டு 2022 இல் வெளிவந்த ஆய்வு, அந்த வைரசு தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காகின்றது என்று கண்டது. எனினும் உலகிலே வயது வந்தோருள் மிகப் பெரும்பாலோர் அவ்வைரசைச் சுமப்பவர்களே. அவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வருகின்றது. ஆகவே ஒரு காரணம் மட்டும் போதாது. தமையனாருக்கு நான் இவ்வளவையும் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசவில்லை. யுத்தத்துக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் காப்பதற்காக ஓடிய மனிதருக்கு இது கேட்கக்கூடிய செய்தியன்று. “நீங்கள் அங்கே போகாவிட்டால் அவள் பிறந்தே இருக்கமாட்டாள், அண்ணை” என்றேன். அது ஆறுதலோ என்னவோ அறியேன்.

மருந்தைப் பொறுத்தவரையில், டெஸ்ரேயின் அட்டைகளிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். தாக்குதலின்போது ஸ்ரீரொயிட் மருந்து வீக்கத்தை விரைவில் வடியச் செய்யும். தாக்குதல்களின் எண்ணிக்கையையே குறைக்கும் முதல் மருந்தாகிய இன்ரபெரோன் 1993 இலே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் பல மருந்துகள் வந்துவிட்டன. பெறாமகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாக ஏற்றும் மருந்து கொடுக்கின்றனர். அது 2017 இல் வந்தது. இவை எவையும் அறுந்த இழையை ஒட்டமாட்டா. இனி அறுவதைத் தடுக்கவே முயல்கின்றன. அதனால் இரண்டு ஆண்டு ‘மனக்களைப்பு’ என்று கழிவதும், இரண்டு மாதத்தில் நோயைக் கண்டறிவதும் ஒன்றல்ல.

2024 இலே இலண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்தது. சாதகமும் பொருந்திற்று. சொல்லாமல் விடுவோம் என்றார் அண்ணியார். தமையனார் எதுவும் கூறவில்லை. பெறாமகள் அந்தப் பையனுக்குத் தானே தொலைபேசியிற் சொல்லிவிட்டாள். பையனின் தாயார் கேட்ட கேள்விகளை என்னிடம் எழுதியனுப்பி, “சித்தப்பா, நீங்கள் ஒரு வாத்தியாராய்ப் பதில் எழுதுங்கோ, சித்தப்பாவாய் எழுத வேண்டாம்” என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு வருமா? தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று அளவில். பொதுமக்களைவிடக் கூடுதலே, ஆயினும் வராமலிருக்கும் வாய்ப்பே மிக அதிகம். பிள்ளைப்பேறு நோயைக் கூட்டுமா? கருவுற்ற காலத்தில், சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தாக்குதல்கள் குறைகின்றன. பேற்றின்பின் மூன்று மாதம் கூடுகின்றன. பின்னர் பழைய நிலைக்கு வருகின்றன. 1998 இல் ஐரோப்பாவிலே 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதனைக் காட்டிற்று. சக்கர நாற்காலியிலே இருக்க வேண்டி வருமா? இதற்கு மட்டும், எவராலும் உறுதி கூற இயலாது என்று எழுதினேன். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அண்ணியார் என்னோடு சில மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பெறாமகளோ, “அவையள் கேட்டவை, நான் சொன்னன். அதுக்குப் பிறகு அவையளின்ரை விருப்பம்” என்றாள். அவள் குரலிலே துயரம் இருந்ததா என்று உற்றுக்கேட்டேன், இருந்ததுதான். ஆனால் பார்பெலியனின் வீட்டிலே இருந்த பயம் இருக்கவில்லை.

இப்போது அவள் கட்டட வரைபட நிறுவனமொன்றில் வேலை பார்க்கின்றாள். மேசையருகே ஒரு சிறிய மின்விசிறி. மதியத்துக்குப் பின் அரைமணி நேர ஓய்வு. அதனை நிறுவனத்தார் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். மறுபடியும் ஊருக்கு வர ஆசைப்படுகின்றாள். நல்லூர்த் திருவிழாக் காலம் வேண்டாம் என்றும், இரண்டு மருந்தேற்றலுக்கு இடையே மார்கழி மாதத்தைத் தெரிந்திருப்பதாகவும் எழுதியிருக்கின்றாள். திருவெம்பாவைக் காலத்து விடியற்காலைக் குளிரிலே தன் கால் எவ்வளவு தூரம் நடக்கின்றது என்று பார்க்க வேண்டுமாம். பெரியமாமி அவளுக்கென்று இப்போதே ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்துவிட்டார். அவளுக்குக் குளிர்தான் நல்லது, சால்வை வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.